முழங்காலுக்குக் கீழே

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஓர் அரைக்கால் டிராயர் வாங்கவேண்டி வந்தது. வாங்கச் சொன்னவர் டாக்டர். உள்ளங்கால் மரத்துப்போகிறது என்று அவரிடம் போயிருந்தேன். செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுக்கவும் வயிற்றை ஸ்கேன் பார்க்கவும் சொன்னார். மறுநாள் போனபோது சர்க்கரை ஏறியிருக்கிறது, ஈரலில் கொழுப்பும் படிந்திருக்கிறது என்றார். என்ன வேலை என்று கேட்டார். பத்திரம் எழுதுகிறேன் என்றேன்.

"அப்போ காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் உக்காந்தே இருப்பீங்க."

"ஆமாங்க மேடம்."

"நடக்கணும். கடைக்குப் போய் வர்ற நடை இல்ல. வேர்க்க வேர்க்க, தெனமும் முக்கால் மணி நேரம். நல்ல ஷூ ஒண்ணு வாங்குங்க. லூசா, காத்து போற மாதிரி ஒரு ஷார்ட்ஸ் வாங்குங்க. இந்த மாதிரி பேண்ட் போட்டுகினு நடக்காதீங்க. தொடை உரசிப் புண்ணாயிடும். சர்க்கரைக்காரங்களுக்குப் புண்ணு வரக் கூடாது."

சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே 'நடை' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். ஷார்ட்ஸ் என்று எழுதவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டில் சீட்டை என் மனைவி படிப்பாள்.

என் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை. பதினேழு வயதில் இடது ஆடுதசையில் ஒரு மிளகளவு தொடங்கியது. இரண்டு வருடத்தில் முட்டிக்குக் கீழிருந்து கணுக்காலுக்கு நாலு விரல் மேலே வரை பரவி, அதோடு நின்றுவிட்டது. முகத்துக்கு வரவில்லை, கைக்கு வரவில்லை. வலியோ அரிப்போ கிடையாது. தொற்றுகிற நோய் இல்லை என்று பார்த்த டாக்டர்கள் எல்லோரும் சொன்னார்கள். வெண்புள்ளி என்பது அவர்களுடைய சொல். ஊரில் அதற்கு இருந்த சொல் வேறு, அதில் குஷ்டம் என்பதும் சேர்ந்திருந்தது.

கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் நாலைந்து பேர் ஒரு பம்பு செட்டில் குளிக்கப் போவோம். ஒருநாள் குளித்துவிட்டு வந்தவன் ஒருவன், என் துண்டுக்குப் பக்கத்தில் கிடந்த தன் துண்டை எடுத்து இரண்டு முறை உதறினான். மண் ஒட்டியிருந்திருக்கலாம். அதற்குப் பிறகு நான் பம்பு செட்டுக்குப் போகவில்லை. அன்று முதல் வெளியில் எப்போதும் முழு பேண்ட், இல்லாவிட்டால் கணுக்கால்வரை தொங்கும் வேட்டி. எங்கள் பக்கத்து ஆண்கள் வேட்டியையும் லுங்கியையும் முட்டிக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டுதான் பாதி நாளைக் கழிப்பார்கள். நான் மடித்துக் கட்டியதே இல்லை. இதனால் எனக்கு ஊரில் அடக்கமானவன், பெரியவர்களிடம் மரியாதை தெரிந்தவன் என்று ஒரு பெயர் உண்டாயிற்று. தொழிலுக்கு அது உதவியாகவே இருந்தது.

சந்தவாசல் பக்கம் பெண் பார்க்கப் போனபோது, "அவங்க கேட்டா சொல்லலாம், கேக்காம நாமளா சொல்லவேணாம்" என்றாள் என் அம்மா. அவர்கள் கேட்கவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் காலையில், நான் தூங்கிக்கொண்டிருந்தபோது லுங்கி ஏறிக் கிடந்திருக்கிறது. கண் விழித்தால் மனைவி கட்டில் ஓரம் உட்கார்ந்து கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "புள்ளைங்களுக்கு வருமா?" என்றாள்.

"தெரியாது. எல்லாருக்கும் வராதுன்னு சொல்றாங்க."

அவ்வளவுதான். ஒரு மகன், ஒரு மகள். இரண்டு பேருக்கும் இதுவரை வரவில்லை. இருபத்தேழு வருடத்தில் நாங்கள் அதைப்பற்றி மறுபடி பேசியதில்லை. பட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பது அவள் வேலை. நாலு ஜவுளிக் கடைகளிலிருந்து புடவைகள் வரும். வீட்டில் தையல் மிஷின் இருப்பதால் என் பேண்டுகளின் அடியை மடித்துத் தைப்பதும் அவள்தான். நான் உட்கார்ந்தாலும் கால்மேல் கால் போட்டாலும் பேண்ட் மேலே ஏறித் தோல் தெரியாத அளவுக்கு நீளம் விட்டுத் தைப்பாள். நான் அப்படித் தைக்கச் சொன்னதில்லை.

முதல் பத்து நாள் ஆபீஸுக்குப் போடும் பேண்டோடும் செருப்போடும்தான் பள்ளி மைதானத்தில் நடந்தேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அங்கே முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். நடப்பதற்கு என்ன உடுத்துவது என்பதில் எங்கள் ஊருக்கு ஒரு முடிவான கருத்து இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். நைட்டிமேல் துண்டு போட்டு, காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ அணிந்த பெண்கள் இருந்தார்கள். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டி வந்த வங்கிக்காரர் ஒருவர் இருந்தார். ரைஸ் மில் முதலாளி ஒருவர் பனியனும் லுங்கியுமாக வந்து, கையில் கைக்கடிகாரத்தை மட்டும் மறக்காமல் கட்டியிருப்பார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தன் பழைய காக்கி பேண்டுகளை முட்டியோடு வெட்டி டிராயராக்கிப் போட்டுக்கொண்டு நடந்தார். அவர்தான் என்னோடு முதலில் பேசியவர்.

"சாரு, இது இன்னா ரிஜிஸ்டர் பண்ணப் போற டிரஸ்ஸுல வந்திருக்கீங்க?" என்றார்.

பதினோராவது நாள், காலை நீட்டிக் குனிந்து பயிற்சி செய்கிறவர்களைப் பார்த்து நானும் குனிந்தேன். பேண்ட் பின்பக்கம் பிரிந்தது. சட்டையை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலம் மனைவி, குஞ்சம் கட்டி முடித்த புடவைகளைக் கடைக்குக் கொடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பும் வழியில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில் நுழைந்தோம்.

கடைக்காரர் மேசைமேல் நாலைந்து ஷார்ட்ஸைப் பிரித்துப் போட்டார்.

"முட்டிக்கு மேல நிக்கிறது இதுங்க. முட்டியோட நிக்கிறது இது."

"இத விட நீளமா?" என்றேன்.

"முக்கால் இருக்குது. ஆடுதசை பாதி வரைக்கும் வரும்."

"அதுக்கும் நீளமா?"

"அதுக்கும் நீளம்னா டிராக் பேண்ட்தாங்க அண்ணே. அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல."

நீல நிறத்தில், பக்கவாட்டில் இரண்டு வெள்ளைக் கோடு ஓடும் ஒன்றை எடுத்தார். கணுக்காலில் எலாஸ்டிக், அதற்கு மேல் ஒரு ஜிப். பிடித்துக்கொண்டால் எந்தக் காரணத்துக்காகவும் மேலே ஏறாது. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. மனைவி துணியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இதுல பருத்தியே இல்லீங்களே."

"ஸ்போர்ட்ஸ் மெட்டீரியல்கா. தோச்சா பத்து நிமிஷத்துல காஞ்சிடும்."

"காயும். காத்து போவாது."

"அதெல்லாம் போவும்கா. இன்னிக்கு எல்லாரும் இததான் கேக்கிறாங்க."

போட்டுப் பார்க்கச் சொன்னார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு திரைதான் மறைப்பு, அதுவும் பாதிக்குமேல் இழுபடவில்லை. வேண்டாம், அளவு சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி, ஒரே மாதிரி இரண்டு வாங்கிக்கொண்டேன். மேலுக்கு எதுவும் வாங்கவில்லை. சிமெண்டு வியாபாரி ஒருவர் பொங்கலுக்குக் கொடுத்த டீ-ஷர்ட்டுகள் வீட்டில் கிடந்தன. ஷூ மட்டும் நல்லதாக அமைந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி டிராக் பேண்டுகளின் இடுப்பு நாடாவை உருவிவிட்டுப் பருத்தி நாடா கோத்துக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் அதில் நடந்தேன். மறைக்காமல் சொன்னால், அந்த உடுப்பில் என்னைப் பார்க்க எனக்கே நன்றாக இருந்தது. ஓர் ஆட்டக்காரன்போல இருந்தேன். வேகமும் கூடியது. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. பங்குனி பாதியில் வெயில் ஆறு மணிக்கே முதுகில் ஏறத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து கணுக்கால் ஜிப்பை இழுத்தால் உள்ளேயிருந்து வேர்வை சொட்டும். தொடையிடுக்கில் அரிப்பு வந்தது. பவுடர் போட்டேன். அரிப்பு படையாகி, படை வெடித்தது. அப்போதும் போட்டுக்கொண்டு நடந்தேன். நடக்க முடியாமல் கால்களை அகட்டி வைத்து வீட்டுக்குள் வந்த அன்று மனைவி என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

இந்த முறை டாக்டர் பேண்டைக் கழற்றச் சொன்னார். மனைவி கொண்டுவந்திருந்த லுங்கியைக் கட்டிக்கொண்டு மேசைமேல் படுத்தேன். புண்ணைப் பார்த்துவிட்டுக் கால்களையும் பார்த்தார்.

"நான் இன்னா சொன்னேன், நீங்க இன்னா போட்டீங்க?"

"டிராக் பேண்ட்."

"பிளாஸ்டிக் பையில காலை வுட்டு நடந்த மாதிரி." பிறகு என் ஆடுதசையைக் காட்டி, "இதுக்காகவா?" என்றார்.

"ஆமாங்க."

"இது உங்கள ஒண்ணும் பண்ணாது. அந்தப் புண்ணுதான் பண்ணும். வெள்ளை இருக்கிற எடத்துல வெயில் பட்டா சீக்கிரம் எரியும், அவ்ளோதான். வெயில் ஏறதுக்குள்ள நடந்து முடிச்சிடுங்க. பருத்தித் துணியில முட்டியோட டிராயர் போடுங்க."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வரும் வழியில் களிம்பு வாங்கினோம்.

புண் ஆற இரண்டு வாரம் ஆயிற்று. ஆறிய பிறகும் நான் நடக்கப் போகவில்லை. வெயில் குறையட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சித்திரையில் வெயில் எங்கே குறையும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், உறவில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தேன். மனைவி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் சாம்பல் நிறப் பருத்தி பேண்டின் இரண்டு கால்கள் தனியாகக் கிடந்தன. இன்னொரு பேண்ட் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் இடுப்பில் இறுகிப்போய் நான் ஒதுக்கி வைத்திருந்தவை. வெட்டிய காலிலிருந்தே பட்டை எடுத்து இடுப்பில் ஒட்டுக் கொடுத்திருந்தாள்.

"யாரக் கேட்டு வெட்டின?"

"யாரையும் கேக்கல."

"இத போட்டுகினு நான் மைதானத்துக்குப் போவணுமா? ஊரே பாக்கும்."

"பாக்கட்டும்."

"பொண்ணுக்கு வரன் பாத்துகினு இருக்கிறோம். இந்த நேரத்துல வர்றவங்க காதுல விழுந்தா இன்னா ஆவும்?"

மிஷினை நிறுத்தினாள். "விழணும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குப் பைத்தியமா என்று கேட்டேன். அவள் நூலை அறுத்து, ஊசியிலிருந்து துணியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க அப்பாவுக்குத் தெரியும்."

"எது?"

"உங்க காலு. கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியும். தரகர் சொல்லியிருக்கிறாரு. உங்க வீட்டுல நகைநட்டுன்னு எதையும் கேக்கல இல்ல, அது எதனாலன்னு நெனைச்சீங்க? ரெண்டு பக்கமும் கமுக்கமா பேசி முடிச்சுகினாங்க. அப்பா சாவறதுக்கு முந்தின வருஷம் அவரே எங்கிட்ட சொல்லி அழுதாரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மாமனார் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கல்யாணத்தில் எங்கள் வீட்டார் எதையும் கேட்கவில்லை என்பதை நான் எங்கள் பெருந்தன்மையாக நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"எங்க அப்பாவுக்குத் தெரியும். உங்க அம்மாவுக்குத் தெரியும். தரகருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். கட்டிக்கப் போறவ நானு, எனக்கு மட்டும்தான் தெரியல."

"முன்னாடியே சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பியா?"

"அது இப்போ எனக்குத் தெரியாது. அப்போ கேட்டிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்."

அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. சாதாரணமாகக் கடைக்காரரிடம் ஜரிகை நிறம் மாறியிருப்பதைச் சொல்லும் குரலில்தான் சொன்னாள். பிறகு மிஷினை ஓட்டி மிச்சமிருந்த தையலை முடித்தாள். விற்கிற சொத்தில் எந்த வில்லங்கமும் இல்லை என்று உறுதி சொல்லும் வரியை நான் ஆயிரக்கணக்கான பத்திரங்களில் எழுதியிருக்கிறேன். அன்று மதியம் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. இதை எழுதும்போதுதான் வருகிறது.

நாலு நாள் அந்த டிராயர்கள் கொடியில் தொங்கின. ஐந்தாம் நாள் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். மைதானத்துக்குப் போகவில்லை. ஆற்றோரம் போகும் சாலையில் ஆள் நடமாட்டம் குறைவு என்று அந்தப் பக்கம் போனேன். காற்று முழங்காலுக்குக் கீழே படுவது எனக்கு விசித்திரமாக இருந்தது. வெளியில் அங்கே காற்று பட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சுதந்திரம் என்றெல்லாம் தோன்றவில்லை. குளிர்ந்தது, அவ்வளவுதான். நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போயின. மூன்றாம் நாள் இரண்டு நாய்கள் துரத்தின. மறைக்க முழு பேண்ட் இல்லாத காலை நாய் கடித்தால் அது வேறு பேஜார் என்று நாலாம் நாள் மைதானத்துக்கே திரும்பினேன்.

பஸ் டிரைவர் வழக்கம்போல என்னோடு சேர்ந்துகொண்டார். பார்த்தார். இரண்டு சுற்று நடந்தார். மூன்றாவது சுற்றில், "சாரு, இது ரொம்ப நாளா இருக்குதா?" என்றார்.

"பதினேழு வயசுலேர்ந்து."

"எரியுதா?"

"இல்ல."

"அப்போ இன்னாத்துக்கு அந்த நைலான் பேண்ட்ட போட்டுகினு செத்தீங்க?"

நான் நடையை எட்டிப் போட்டேன். அவரும் கூடவே எட்டிப் போட்டார்.

எல்லோரும் அவரைப்போல இல்லை. வங்கிக்காரர் அன்று முதல் எனக்கு எதிர்த் திசையில் சுற்ற ஆரம்பித்தார். குடிக்கும் தண்ணீர் பாட்டிலை எனக்கு எப்போதும் நீட்டும் ஒருவர், நீட்டுவதை நிறுத்தினார். ரைஸ் மில் முதலாளி கார்போகரிசி எண்ணெய் தடவச் சொன்னார். ஒரு பெண்மணி மீனையும் தயிரையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்றார். பத்து நாட்களில் பதினைந்து மருந்தாவது கேட்டிருப்பேன். எல்லாவற்றையும் பதினேழு, பதினெட்டு வயதிலேயே செய்து பார்த்தாகிவிட்டது என்று சொன்னால் ஏமாந்துபோனார்கள். ஒரு மாதத்தில் பேச்சு அடங்கியது. தேர்தல், தண்ணீர், யாரோ ஒருவர் வீட்டுத் திருட்டு என்று வேறு விஷயங்கள் வந்தன. பத்திரம் எழுத வருகிறவர்கள் குறையவில்லை. வங்கிக்காரர் எதிர்த் திசையிலேயே நடந்துகொண்டிருந்தார். நாளைக்குப் பத்து முறை நாங்கள் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதுதான் அதனால் கண்ட பலன்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் கால் அவளுக்குப் பிறந்தது முதல் தெரியும். வெளியில் சொல்லக்கூடாது என்பதும் சின்ன வயதிலேயே தெரியும், யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. இனிமேல் வரன் பேச வருகிறவர்களிடம் முதல் போனிலேயே விஷயத்தைச் சொல்லிவிடப் போகிறேன் என்று மனைவி அவளிடம் சொன்னபோது, ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இத்தினி வருஷம் சொல்லாம இருந்துட்டு, என் கல்யாணத்துலதான் ஆரம்பிக்கணுமாம்மா?"

"உன் கல்யாணத்துலதான் ஆரம்பிக்கணும்."

"எவனும் வரமாட்டான்."

"வராதவன் வேணாம்."

"அத நான் இல்ல சொல்லணும்?"

மனைவி கையிலிருந்த குஞ்சத்தைக் கீழே வைத்தாள். "ஆமா" என்றாள் பிறகு. "நீதான் சொல்லணும். யோசிச்சு சொல்லு. நீ வேணாம்னா நான் வாயத் தொறக்கல."

ஒன்றரை மாதம் மகள் ஊருக்கு வரவில்லை. போனில் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். ஆனியில் ஒரு சனிக்கிழமை வந்தாள். நான் நடந்துவிட்டு வந்து, டிராயரோடு வாசலில் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் தோளில் பையோடு நின்று பார்த்தாள்.

"தையல் கோணலா இருக்குதுப்பா" என்றாள். உள்ளே போய் அம்மாவிடம், "சொல்லிடும்மா" என்றாள்.

முதலில் சொன்னது வேலூரிலிருந்து பேசிய ஒரு வீட்டுக்கு. ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க வரும் நாளையும் குறித்திருந்தார்கள். மனைவி போனில், "வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேங்க. பொண்ணோட அப்பாவுக்குக் காலுல வெள்ளை இருக்குது. பொண்ணுக்கு இல்ல, எங்க பையனுக்கும் இல்ல. நாளைக்கு வருமான்னு கேட்டா எங்களுக்குத் தெரியாது" என்றாள். அந்தப் பக்கம் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். சொன்னதற்கு நன்றி என்றார்கள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை, தேதியைத் தள்ளி வைப்போம் என்று அடுத்த நாள் செய்தி வந்தது. பிறகு செய்தி இல்லை. அந்த வாரம் முழுக்க நான் காலையில் எழுந்து டிராயரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒருகணம் நின்றேன். போடாமல் இருந்ததில்லை. மனைவி அடுத்த அறையில் குஞ்சம் முடிந்துகொண்டிருப்பாள். முடிச்சு போடும்போது அவள் யாரிடமும் பேசமாட்டாள்.

ஆவணியில் தேசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவி அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னாள். பையனின் அம்மா கேட்டுக்கொண்டு, "வேற ஏதாவது இருக்குதாங்க?" என்றார்.

"சர்க்கரை இருக்குது. அதுக்குத்தான் நடந்துகினு இருக்கிறாரு."

"அது எங்க வூட்டுக்காரருக்கும் இருக்குது. இவரு நடக்கிறதுகூட இல்ல" என்றார் அந்த அம்மா.

அவர்கள் வந்தார்கள். அன்று நான் வேட்டிதான் கட்டியிருந்தேன். பையனின் அப்பா கிளம்பும்போது என்னை வாசல் பக்கம் தனியே அழைத்து, எத்தனை மணிக்கு நடக்கிறேன், ஷூ என்ன அளவு, முட்டி வலி வந்ததா என்று விசாரித்தார். காலைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பையனும் மகளும் சென்னையில் நாலு முறை சந்தித்துப் பேசினார்கள். நான்காவது சந்திப்புக்குப் பிறகு மகள் சரி என்றாள். தை மாதத்துக்கு மண்டபம் பேசினோம். அவர்கள் நகை எவ்வளவு என்று கேட்டார்கள், நாங்கள் முடிந்ததைச் சொன்னோம். கேட்டதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஐப்பசி மழை விட்டதும் மனைவி தானும் நடக்க வருவதாகச் சொன்னாள். குனிந்து குனிந்து முடிச்சு போட்டு இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம். என்ன உடுத்துவது என்று அவளுக்கும் பிரச்சினை வந்தது. முதல் நாள் புடவையோடு ஷூ போட்டு வந்தாள். பாதிச் சுற்றில் கொசுவம் ஷூ முனையில் மாட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளின் பழைய சுடிதாரைப் போட்டுப் பார்த்தாள், கைப்பகுதி ஏறவில்லை. நைட்டியோடு தெருவில் இறங்கமாட்டேன் என்றாள். அவள் கல்யாணத்துக்கு முன்பு பாவாடை தாவணி, அதற்குப் பிறகு புடவை. கால் இரண்டையும் தனித்தனியாக மூடும் துணியை வாழ்க்கையில் உடுத்தியதில்லை.

மூன்று நாள் நான் மட்டும் போனேன். நாலாம் நாள் காலையில் அவள் தயாராக நின்றாள். பழுப்பு நிறப் பருத்தியில் தொளதொளவென்று ஒரு பேண்ட், முட்டிக்குக் கீழே வரும் ஒரு டாப்ஸ், பக்கத்தில் சாவி வைக்க ஒரு பை. அளவுக்கு வேறு உடுப்பு எதுவும் வைத்துக்கொள்ளாமல் தானே துணி வெட்டித் தைத்திருந்தாள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தியிருந்தாள்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

அந்த மாதிரி அவள் என்னைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. "நல்லா இருக்குது" என்றேன். அடி கொஞ்சம் நீளமாக இருந்தது, அதைச் சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு, "தோச்சா சுருங்கும்" என்றாள்.

தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். மனைவி துப்பட்டாவை ஒருமுறை சரிசெய்துகொண்டு நடந்தாள். மைதானத்தில் முதல் சுற்று என்னோடு வந்தாள். இரண்டாவது சுற்றில் நான் மெதுவாகப் போவதாகச் சொன்னாள். பிறகு முன்னால் போய்விட்டாள். கைகளை வீசி, யாரையும் பார்க்காமல், மார்க்கெட்டுக்கு ஜல்தியாகப் போகிறவளைப்போல நடந்தாள். பஸ் டிரைவர் என் பக்கத்தில் வந்து சேர்ந்தபோது அவள் எதிர்மூலையில் இருந்தாள்.

"யாரு சாரு அது, புதுசா?"

"எங்க வீட்டுலதான்."

"நல்லா நடக்கிறாங்களே. இந்நேரம் வரைக்கும் எங்க வெச்சிருந்தீங்க?"

வங்கிக்காரர் அவளுக்கு எதிரே வந்தார். மனைவி அவருக்கு வழிவிடவில்லை. அவர்தான் கொஞ்சம் ஒதுங்கி மண்ணில் கால் வைத்துப் போனார். நாங்கள் அந்த மூலையை அடைந்தபோது அவள் அடுத்த மூலையில் இருந்தாள்.